மாசாய் மாரா, ஆகஸ்ட், நாலு பேர்: இந்தத் திட்டம் சரியா?

கோவை_பயணி எழுதியது:

வணக்கம். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் விலங்கு பார்க்கும் சஃபாரிக்குக் கென்யா போகத் திட்டம். நான், மனைவி, 11 வயது மகன், 67 வயது அம்மா. அம்மா நன்றாக நடப்பார், ஆனால் இடுப்பு வலி உண்டு. குலுங்கும் வண்டியில் நெடுநேரம் உட்கார முடியாது. சுத்த சைவம்.

ஒரு ஏஜென்ட் கொடுத்த திட்டம் இது: நைரோபி 1 இரவு, அம்போசெலி 1, நைவாஷா 1, நகுரு 1, மாசாய் மாரா 2. மொத்தம் 6 இரவு. வேறு குடும்பத்தோடு பகிரும் வேன். மாராவில் தங்கும் இடம் பூங்காவின் செகெனானி கேட்டுக்கு வெளியே. பெரியவர் ஒருவருக்கு 1,150 டாலர், "எல்லாம் சேர்த்து" என்கிறார்கள்.

கேள்விகள்:
1. இந்தத் திட்டத்தில் எதை மாற்ற வேண்டும்?
2. மஞ்சள் காய்ச்சல் ஊசி அம்மாவுக்கும் கட்டாயமா? மலேரியா மாத்திரை?
3. வில்டபீஸ்ட் (மாடு போன்ற உடம்புள்ள ஆப்பிரிக்க மான்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்பது மகனின் ஆசை. வாய்ப்பு எவ்வளவு?
4. கேமரா, துணிமணி, சாப்பாடு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

புல்வெளி_வழி எழுதியது:

திட்டத்தை மணிக்கணக்கில் போட்டுப் பாருங்கள். நைரோபியிலிருந்து அம்போசெலி 4 முதல் 5 மணி நேரம். மறுநாள் அங்கிருந்து நைவாஷா, நைரோபியைத் தொட்டுத்தான் போக வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாது. நைவாஷாவிலிருந்து நகுரு ஒன்றரை மணி. நகுருவிலிருந்து மாரா 5 முதல் 6 மணி. மாராவிலிருந்து நைரோபி மறுபடி 5 முதல் 6 மணி. ஆக, விலங்கு பார்க்கும் நேரத்தைச் சேர்க்காமலே 21 மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் கழிகிறது. இடுப்பு வலி உள்ளவருக்கு இது ஆகாது. 11 வயதுப் பையனுக்கும் ஆகாது.

இன்னொரு விஷயம் கட்டணம். 2024 ஜூலை முதல் மாசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100. 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50. உங்கள் குடும்பத்துக்கு ஒரு நாள் நுழைவு 650 டாலர். டிக்கெட் 24 மணி நேரத்துக்கு அல்ல, காலை 6 முதல் மாலை 6 வரை 12 மணி நேரத்துக்கு மட்டும். பழைய பயணக் குறிப்புகளில் 24 மணி நேரம் என்று இருக்கும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் 2 இரவுத் திட்டத்தைப் பாருங்கள். முதல் நாள் பிற்பகல் 3 மணிக்கு உள்ளே போய் 6 மணிக்கு வெளியே: 650. மறுநாள் முழுநாள்: 650. மூன்றாம் நாள் காலை "ஒரு சின்ன டிரைவ்" முடித்து நைரோபி: 650. மொத்தம் 1,950 டாலர், உள்ளே இருப்பது சுமார் 18 மணி நேரம். அதே 1,950 டாலரில் 4 இரவு தங்கி, வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் உள்ளே போகாமல் நடுவில் மூன்று முழுநாள் போனால் 36 மணி நேரம். கூடுவது இரண்டு இரவு அறை வாடகையும் வண்டி வாடகையும்தான்.

இதிலேயே உங்கள் ஏஜென்ட் சொன்ன விலையையும் சோதித்துவிடலாம். பெரியவர் ஒருவருக்கு மாரா நுழைவு மட்டுமே மூன்று நாளைக்கு 600 டாலர். அம்போசெலி, நகுரு பூங்காக் கட்டணம் தனி. மிச்சத்தில் ஆறு இரவு அறை, சாப்பாடு, வண்டி, டீசல், ஓட்டுநர் கூலி, ஏஜென்டின் லாபம் எல்லாம் அடங்காது. "எல்லாம் சேர்த்து" என்பதில் பூங்காக் கட்டணம் சேரவில்லை, அல்லது மாராவில் ஒரே ஒரு நாள்தான் உள்ளே கூட்டிப்போவார்கள். எந்தெந்தத் தேதியில் எத்தனை மணி நேர டிக்கெட், யார் கட்டுகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

என் யோசனை: அம்போசெலியையும் நகுருவையும் விட்டுவிடுங்கள். நைரோபி 1, நைவாஷா 1, மாரா 4. நைரோபியிலிருந்து நைவாஷா சுமார் 90 கி.மீ., 2 மணி நேரம். ஏரியில் படகில் போனால் நீர்யானைகளும் மீன்கழுகும் பார்க்கலாம். கிரெசன்ட் தீவில் சிங்கம் போன்ற கொன்றுண்ணிகள் இல்லாததால் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை நடுவே காலாற நடக்கலாம்; அம்மாவுக்கு அது பிடிக்கும். மறுநாள் நாரோக் வழியாக மாராவுக்கு 4 முதல் 5 மணி நேரம். பயணம் இரண்டாக உடைவதால் இடுப்பு தாங்கும்.

அம்போசெலியை விடுவது வருத்தம்தான். கிளிமஞ்சாரோ பின்னணியில் யானைக் கூட்டம் என்பது வேறெங்கும் கிடைக்காத காட்சி. ஆனால் மலை பெரும்பாலும் விடிகாலையில்தான் தெரியும், பிறகு மேகம் மூடிவிடும். ஒரே இரவு தங்கினால் ஒரே ஒரு காலைதான் கையில். போவதென்றால் இரண்டு இரவாவது ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நகுரு பற்றி ஒன்று: விளம்பரப் படங்களில் ஏரி முழுக்க இளஞ்சிவப்பாகப் பூநாரைகள் இருக்கும். ஏரியின் நீர்மட்டம் ஏறியபின் அந்தக் கூட்டம் பெரும்பாலும் வேறு ஏரிகளுக்குப் போய்விட்டது. இப்போது நகுருவுக்குப் போவது காண்டாமிருகத்துக்காக. கருப்பு, வெள்ளை இரண்டும் அங்கே உண்டு.

வண்டிக்கு வருகிறேன். வேன் வேண்டாம். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மழை பெய்ததும் செருப்பில் அப்பிக்கொள்ளுமே, அதே மண். ஆகஸ்டில்கூட மாராவில் பிற்பகலில் திடீரென்று இடிமழை வரும். ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வேன் அரை மணி மழையில் சிக்கிக்கொள்ளும். மாட்டாவிட்டாலும் ஓட்டுநர் பயந்து மெயின் ரோட்டை விட்டு இறங்க மாட்டார். கூரை தூக்கும் லேண்ட் க்ரூசர் கேளுங்கள். ஓட்டுநர், டீசல் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 250 முதல் 350 டாலர் வரை ஆகும். நாலு பேர் என்பதால் தனி வண்டி கட்டுப்படியாகும். பகிர்ந்த வண்டியில் மற்றவர் "போதும், போகலாம்" என்று சொன்ன நொடியில் நீங்களும் கிளம்ப வேண்டும். சஃபாரியில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

அம்மாவை முன்சீட்டிலோ ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள வரிசையிலோ உட்கார வையுங்கள். கடைசி வரிசை பின் அச்சுக்கு மேல் இருப்பதால் ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகில் இறங்கும். இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை எடுத்துச் செல்லுங்கள். மூன்று நாளில் ஒரு நாள் அம்மா கேம்ப்பிலேயே ஓய்வெடுத்தால் உடம்புக்கும் நல்லது, 200 டாலரும் மிச்சம்.

தங்குமிடம் செகெனானியை விட டாலெக் கேட் பக்கம் இருந்தால் மேல், பூங்காவின் நடுப்பகுதிக்கு அதுதான் கிட்டே. சிங்கம், சிவிங்கிப்புலி (சீட்டா) எல்லாம் சுறுசுறுப்பாக இருப்பது 6 முதல் 10 மணிக்குள். 11 முதல் 4 வரை நிழலில் படுத்துவிடும். கேட்டில் டிக்கெட் வரிசையில் 45 நிமிடம் நின்றால் அந்த நாளின் நல்ல பகுதி போயிற்று. பாஸ்போர்ட் விவரம் கொடுத்து முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேட்டில் நோட்டாகப் பணம் வாங்க மாட்டார்கள்.

கடைசியாக, வழிகாட்டி. கென்ய சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரம் கொடுக்கிறது. வெள்ளித் தரம் கேட்டு வாங்குங்கள். அறையில் இரண்டு நட்சத்திரம் குறைந்தால் தெரியாது. வழிகாட்டி சுமாராக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் தெரியும்.

---

பயண_மருந்துப்பெட்டி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

இந்தியாவிலிருந்து நேரே போகிறவரிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பதில்லை. கேட்பது நம் நாடு, திரும்பி வரும்போது. கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் பட்டியலில் இருக்கிறது. செல்லுபடியாகும் மஞ்சள் அட்டை (ஊசி போட்டதற்கான சான்றிதழ்) இல்லாமல் அங்கிருந்து வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அட்டை ஊசி போட்ட 10-வது நாளிலிருந்துதான் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்பது 2016 ஜூலை முதல் நடைமுறை. பத்து ஆண்டுக்கு முன் போட்ட அட்டை இருந்தாலும் மறுபடி போட வேண்டாம்.

தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, முன்பதிவு வேண்டும், ஒரிஜினல் பாஸ்போர்ட் வேண்டும். அட்டையில் எழுதும் பாஸ்போர்ட் எண், பெயரின் எழுத்து, ஊசி போட்ட தேதி, முத்திரை நான்கையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு ஊசிக்குப் போங்கள்.

அம்மாவின் விஷயம் வேறு. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுகிறவர்களுக்கு, நரம்பையும் உள்ளுறுப்புகளையும் பாதிக்கும் கடுமையான பக்கவிளைவு வரும் அபாயம் இளையவர்களைவிடக் கூடுதல். அரிதுதான், ஆனாலும் உண்டு. முட்டையால் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், தைமஸ் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள் போடவே கூடாது. இடுப்பு வலிக்கு ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்று பாருங்கள், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் சரி என்ற பிறகே விமான டிக்கெட் போடுங்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை, நாட்டை மாற்றுங்கள். தென்னாப்பிரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. க்ரூகர் தேசியப் பூங்காவின் முக்கியச் சாலைகள் தார் போட்டவை, முதுகுக்கு இதம். ஆனால் வளைகுடா வழியாகப் போய் வளைகுடா வழியாகவே திரும்ப வேண்டும். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ மாறிப் போனால் மறுபடி அட்டைப் பேச்சு வரும். க்ரூகரில் மலேரியா உண்டு. பிலானஸ்பெர்க், மடிக்வே பக்கம் மலேரியா இல்லை.

மலேரியா: மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருந்தாலும் மலேரியா உண்டு. நம் ஊரில் அதிகம் பார்ப்பது வைவாக்ஸ்; அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம், சில நாளில் உயிரை எடுக்கும் வகை. மாத்திரை மூன்று விதம். அட்டோவகோன்-ப்ரோகுவானில்: போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, தினமும் ஒன்று, திரும்பியபின் 7 நாள். டாக்சிசைக்ளின்: அதேபோல் தொடங்கி, திரும்பியபின் 4 வாரம். மெஃப்ளோகுவின்: வாரம் ஒன்று, குறைந்தது 2 வாரம் முன்பே தொடங்கி, திரும்பியபின் 4 வாரம், மன அழுத்தம், வலிப்பு இருந்தவர்களுக்கு ஆகாது. முதலில் சொன்ன வகை எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, ஒரு மாதம் முன்பே கேட்டு வையுங்கள். டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும் என்பதால் முழுக்கைச் சட்டை அவசியம். மகனுக்கு அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர்தான் எழுத வேண்டும்.

பலர் தவறுவது எங்கே என்றால், ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதில். கிருமி முதலில் ஈரலில் தங்கி, பிறகுதான் ரத்தத்துக்கு வரும். கடைசி நாள் கடித்த கொசுவுக்கும் சேர்த்துத்தான் அந்த 7 நாளும் 4 வாரமும். திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும், அன்றே ரத்தப் பரிசோதனை. "கென்யா போய் வந்தோம்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்று பார்த்து இரண்டு நாள் வீணாகும்.

பயணக் காப்பீட்டில் விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா, அம்மாவின் ஏற்கெனவே உள்ள நோய்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாராவிலிருந்து பெரிய மருத்துவமனை என்றால் நைரோபிதான்.

---

கோவை_பயணி எழுதியது:

மிக்க நன்றி. அம்மாவின் மருத்துவரிடம் முதலில் பேசுகிறேன். ஸ்டீராய்டு எதுவும் இல்லை. 4 இரவு மாரா என்று மாற்றினால் ஆறு கடப்பதைப் பார்த்துவிடலாமா? மகனுக்கு என்ன சொல்லிக் கூட்டிப்போவது?

---

ஆற்றங்கரை எழுதியது:

"பார்க்க வாய்ப்பு இருக்கிறது, உறுதி இல்லை" என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். உறுதி சொல்லும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட், அவற்றோடு வரிக்குதிரைகள், மான்கள். மழையையும் இளம்புல்லையும் தேடி ஆண்டு முழுக்க செரெங்கெட்டியும் மாராவும் சேர்ந்த பரப்பில் சுற்றி வருகின்றன. ஜனவரி, பிப்ரவரியில் தெற்கே டான்சானியாவில் கன்று போடும். மாராப் பக்கம் இருப்பது பொதுவாக ஜூலை பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரை, ஆகவே உங்கள் தேதி நல்ல தேதி. பலர் நினைப்பதுபோல ஒரே நாளில் மொத்தக் கூட்டமும் ஒருமுறை கடந்துவிட்டு முடிவதல்ல. அக்கரையில் மழை பெய்தால் அங்கே போகும், நாலு நாளில் இக்கரைக்குத் திரும்பும். அதனால்தான் 4 இரவு தங்குவது முக்கியம்.

கரையில் என்ன நடக்கும் என்று மகனுக்கு முன்கூட்டியே விளக்குங்கள், காத்திருப்பது சுலபமாகும். முதலில் மேட்டில் கூட்டம் சேரும், புழுதி எழும். முன்னால் நிற்பவை இறங்குவழி வரை வந்து தண்ணீரை முகர்ந்து பின்வாங்கும். இது பத்து முறை நடக்கலாம். ஒரு வரிக்குதிரை கத்தினால், புதர் அசைந்தால், வண்டி ஒன்று இடம் மாறினால் மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடும். மூன்று மணி நேரம் நின்று ஒன்றும் நடக்காமல் போவது சாதாரணம். ஆனால் ஒன்று குதித்துவிட்டால் பின்னால் உள்ளவை நிற்பதில்லை, பத்து நிமிடமும் ஓடும், ஒரு மணி நேரமும் ஓடும்.

இதில் சுற்றுலா வண்டிகள் செய்யும் கேடு பெரிது, அதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். இறங்குவழியின் முகப்பில் வண்டியைப் போட்டு அடைத்தால் கூட்டம் செங்குத்தான கரையில் குதிக்கிறது. கால் உடைகிறது, ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது, கன்றுகள் தாயைப் பிரிகின்றன. முதலையால் சாவதைவிட நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்கிச் சாவதுதான் பெருந்தொகை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்கள் இப்படி மூழ்கிச் சாவதாகக் கணக்கிட்டது. அது வண்டிகளால் மட்டும் நடப்பதல்ல, ஆற்றின் இயல்பே அப்படி. அதை நாம் கூட்டக் கூடாது. வண்டி கரையிலிருந்து தள்ளி, கூட்டம் வரும் பாதைக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முதல் விலங்கு தண்ணீரில் இறங்கி வரிசை ஓடத் தொடங்கிய பிறகு மெதுவாக முன்னேறலாம். இதை முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: "அவசரப்பட்டு முன்னால் போக வேண்டாம், தள்ளி நின்றாலும் எங்களுக்குச் சம்மதம்." பெரும்பாலான ஓட்டுநர்கள் விதி மீறுவது, பயணி முகம் சுளிப்பாரோ என்ற பயத்தில்தான்.

மாரா ஆற்றின் மேற்குக் கரைக்கு மாரா ட்ரையாங்கிள் என்று பெயர். 2001 முதல் தனி நிர்வாகம், வண்டி நெரிசல் குறைவு, விதியும் கண்டிப்பு. ஒரு சிங்கத்தையோ சிவிங்கிப்புலியையோ சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. மற்றவர் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம் விட வேண்டும். பிற்பகலில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்பதால் அந்தக் கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஆறு நல்ல வெளிச்சத்தில் தெரியும். ஆனால் டாலெக் பக்கம் தங்கினால் அங்கே போகத் தெற்கே உள்ள பாலத்தைச் சுற்றிப் போக வேண்டும், நெடுந்தூரம். அம்மாவோடு போகும்போது அதற்கு ஆசைப்பட வேண்டாம். கிழக்குக் கரையிலேயே கடவுத்துறைகள் நிறைய உண்டு.

மூன்று நாளில் ஒரு நாளை மட்டும் ஆற்றுக்கு ஒதுக்கி, மதிய உணவைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். மற்ற இரண்டு நாளும் ஆற்றை மறந்துவிட்டுப் புல்வெளியைப் பாருங்கள். ஆற்றையே சுற்றிச் சுற்றி வந்து, சிங்கக் குடும்பத்தைக்கூட நின்று பார்க்காமல் திரும்புகிறவர்கள் உண்டு.

---

தூரப்பார்வை எழுதியது:

மகனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள், 8x32 அல்லது 8x42. 10 மடங்குக்கு மேல் போனால் வண்டியின் அதிர்வில் படம் ஆடும். நாலு பேருக்கு ஒன்று போதாது, குறைந்தது இரண்டு.

கேமராவுக்கு 100-400 மி.மீ. ஜூம் இருந்தால் போதும். பறவைக்கு 600 மி.மீ. உதவும். வண்டிக்குள் முக்காலி வைக்க இடமில்லை; ஜன்னல் விளிம்பில் வைக்க ஒரு துணிப்பை தைத்து வெறுமையாகக் கொண்டுபோய், நைரோபியில் இரண்டு கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்புங்கள். ஓடும் விலங்குக்கு ஷட்டர் 1/1000-க்குக் குறையக் கூடாது, பறவைக்கு 1/2000. எடுக்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். நல்ல கருவி இருந்தும் படம் கலங்க முதல் காரணம் டீசல் எஞ்சினின் நடுக்கம். வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள், அங்கே புழுதி மாவு போல நுண்ணியது. காலை 10 மணிக்கு மேல் தொலைவில் உள்ளதை எடுத்தால் கானல் அலையில் கூர்மை போய்விடும். அது லென்ஸின் குற்றம் அல்ல. ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம்.

மகனுக்குச் சுவாஹிலிப் பெயர்கள் சொல்லிக் கொடுங்கள், வழிகாட்டியோடு உடனே ஒட்டிக்கொள்வான். சிம்பா சிங்கம். டெம்போ யானை. ட்விகா ஒட்டகச்சிவிங்கி. கிபோகோ நீர்யானை. மம்பா முதலை. நியும்பு வில்டபீஸ்ட். இதில் ஒன்று முக்கியம்: நாம் இரண்டு விலங்குக்கும் சேர்த்துச் சிறுத்தை என்று சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம். சுவாஹிலியில் சுயி என்பது சிறுத்தை: தடித்த உடம்பு, ரோஜாப்பூ போன்ற வளையப் புள்ளி, ஆற்றோர மரக்கிளையில் தேட வேண்டும். டுமா என்பது சிவிங்கிப்புலி: ஒடிசலான உடம்பு, தனித்தனி உருண்டைப் புள்ளி, கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்த் தடம் போல் கருப்புக் கோடு, வெட்டவெளியில் கரையான் புற்றின் மேல் ஏறி நின்று சுற்றிப் பார்க்கும். வானொலியில் ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும்போது "சுயி" என்று காதில் விழுந்தால் அவன்தான் முதலில் துள்ளுவான்.

---

நைரோபித்_தமிழ் எழுதியது:

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். கென்யாவில் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் தலைமுறைகளாக இருப்பதால் சைவம் என்றால் என்னவென்று கேம்ப் சமையற்காரருக்கும் தெரியும். சப்பாத்தி அங்கே வீட்டு உணவு, பெயரும் சப்பாத்தியேதான். சுகுமா விக்கி என்பது கீரைப் பொரியல், மஹராக்வே பயறுக் குழம்பு, உகாலி சோளமாவுக் களி; மூன்றும் சைவம். "முட்டையும் சேர்க்க மாட்டார், சூப்பில் எலும்புச் சாறு கூடாது" என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்து வாருங்கள், மதியம் கட்டிக்கொடுக்கும் உணவு வறட்சியாக இருக்கும்.

கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பைகள் 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் தடை. பெட்டிக்குள் துணி சுற்ற வைத்திருந்தாலும் எடுத்துவிட்டுத் துணிப்பைக்கு மாற்றுங்கள். 2020 ஜூன் முதல் காப்புக்காடுகளுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும், வண்டியில் பெரிய கேன் இருக்கும்.

ஆகஸ்ட் என்றால் வெயில் கொளுத்தும் என்று நினைத்து வருகிறார்கள். காலை 6 மணிக்குக் கூரை திறந்த வண்டியில் 12 டிகிரியில் காற்று அடிக்கும். அம்மாவுக்கு ஸ்வெட்டர், காது மூடும் மஃப்ளர், சால்வை வேண்டும். 10 மணிக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுவீர்கள். காக்கி, சாம்பல், ஆலிவ் நிறம் நல்லது. கருநீலமும் கருப்பும் செட்சி ஈயை இழுக்கும், அதன் கடி சட்டையைத் தாண்டி இறங்கும். இராணுவப் புள்ளி போட்ட உடை கென்யாவில் பொதுமக்கள் அணியக் கூடாது, மகனின் பெட்டியைப் பாருங்கள்.

பெண்கள் கேட்கத் தயங்குவதையும் சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்குள் கழிப்பறை கேட்டிலும் சில விடுதிகளிலும் விமானத் தளங்களிலும் மட்டும். மற்ற இடத்தில் ஓட்டுநர் வெட்டவெளியில் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்துவார், வண்டியின் பின்பக்கம் போக வேண்டும். புதர் மறைவாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போகவே கூடாது. மறைவு தேடுவது நாம் மட்டுமல்ல. இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மாலையில் தலைவலி வரும். "நிறுத்த வேண்டும்" என்று கூச்சமில்லாமல் சொல்லுங்கள். தாளை அங்கே போடாமல் ஒரு பையில் திருப்பி எடுத்து வரவும்.

கேம்ப்பில் இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாக நடக்க வேண்டாம். டார்ச் அடித்தால் அஸ்காரி (கேம்ப் காவலர்) வந்து கூட்டிப்போவார். ஆற்றங்கரைக் கேம்ப் என்றால் இரவில் நீர்யானை புல் மேய வரும். பகலில் கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடுங்கள், குரங்கு உள்ளே புகுந்தால் மருந்துப்பை வரை கிழித்துவிடும்.

ஓட்டுநருக்கு அன்பளிப்பு வழக்கம் உண்டு: தனி வண்டிக்கு ஒரு குடும்பமாக நாளொன்றுக்கு 30 முதல் 40 டாலர், கடைசி நாள் கையில் கொடுக்கலாம். டாலர் நோட்டு 2013-க்குப் பின் அச்சானதாக, கிழியாமல், எழுத்தில்லாமல் இருக்கட்டும், பழைய நோட்டு பல இடத்தில் செல்லாது. மின்செருகி மூன்று செவ்வகக் காலுள்ள இங்கிலாந்து வகை, நம் செருகி ஏறாது.

---

கோவை_பயணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் அம்மாவைப் பரிசோதித்துவிட்டு ஊசி போடலாம் என்று சொல்லிவிட்டார். நைரோபி 1, நைவாஷா 1, மாரா 4 என்று மாற்றி, தனி லேண்ட் க்ரூசர் கேட்டிருக்கிறேன். திரும்பும்போது மட்டும் அம்மாவுக்காகச் சின்ன விமானத்தில் நைரோபி வரலாமா? எங்கள் ஊர்திரும்பும் விமானம் அன்றே மாலை 5 மணிக்கு.

---

புல்வெளி_வழி எழுதியது:

வரலாம், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாராவில் விமானத் தளங்கள் பல. டிக்கெட்டில் உங்கள் கேம்ப்புக்குக் கிட்டே உள்ள தளத்தின் பெயர் இருக்க வேண்டும். டாலெக் பக்கம் என்றால் ஓல் கியோம்போ பாருங்கள். தளம் பூங்காவின் உள்ளே இருந்தால், கிளம்பும் நாள் அங்கே போவதற்கு நுழைவுக் கட்டணம் உண்டா என்பதையும் கேம்ப்பிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

சாமான் ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து. கட்டாயம் மெத்தென்ற துணிப்பை; சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் வயிற்றில் நுழையாது. பெரிய பெட்டிகளை லேண்ட் க்ரூசரிலேயே ஏற்றி, ஓட்டுநர் அதிகாலையில் சாலைவழி கிளம்பி நைரோபிக்குக் கொண்டுவரும்படி பேசலாம். ஆனால் பாஸ்போர்ட், மஞ்சள் அட்டை, மாத்திரை, கேமரா நான்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வழியில் லாரி கவிழ்ந்து சாலை அடைபட்டால் வண்டி வராது.

சின்ன விமானம் இறங்குவது நைரோபியின் வில்சன் விமான நிலையத்தில். ஊர் திரும்பும் விமானம் கிளம்புவது இன்னொரு நிலையமான ஜோமோ கென்யாட்டாவில். வெள்ளிக்கிழமை என்றால் அந்த இடைவெளியைக் கடக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். சின்ன விமானம் வழியில் இரண்டு மூன்று தளத்தில் இறங்கி ஆள் ஏற்றும், அரை மணி தாமதம் சகஜம். 5 மணி விமானத்துக்குப் பிற்பகல் 2 மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். ஆகவே மாராவிலிருந்து காலை விமானத்தையே எடுங்கள், மதிய விமானம் வேண்டாம். கென்யாவுக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் இ-டிஏ அனுமதி நால்வருக்கும் தனித்தனியாக, மகனுக்கும் சேர்த்து, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே விண்ணப்பித்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.